வானிலிருந்து அளந்த கோதுமை

1972ஆம் ஆண்டு ஜூலை மாதம். சோவியத் நாட்டின் கொள்முதல் அதிகாரிகள் அமெரிக்கத் தானிய நிறுவனங்களைத் தனித்தனியே சந்தித்துக் கோதுமைக்கு விலை பேசினார்கள். ஒரு நிறுவனம் விற்றது மற்றொரு நிறுவனத்துக்குத் தெரியாது. முடிவில் கணக்கெடுத்தபோது, கோதுமையும் பிற தானியங்களுமாக ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம் டன் விலைபோயிருந்தது! அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் சுமார் நான்கில் ஒரு பங்கு அதில் அடக்கம்.

அந்த ஆண்டு சோவியத் நாட்டில் பனிப்போர்வை போதாமல் குளிரில் பயிர் கருகியது. கோடையில் வறட்சியும் சேர்ந்துகொண்டது. வாங்கியவருக்கு இந்த இழப்பின் அளவு தெரியும், விற்றவருக்குத் தெரியாது. 1974ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. 1972இல் பருவமழை பொய்த்த இந்தியாவும் இந்த விலையேற்றத்துக்கு நடுவேதான் தானியம் தேட நேர்ந்தது. 1973இல் சோவியத் நாட்டிடமே 20 லட்சம் டன் கோதுமையைக் கடனாகப் பெற்றது. ஒரு நாட்டின் விளைச்சல் செய்தி மறைந்திருந்தால், அதன் விலையை வேறொரு நாட்டின் ஏழையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால், ஒரு நாட்டுக்குள் கால் வைக்காமலே அதன் பயிரை அளக்க முடியுமா?

அதே 1972 ஜூலை 23ஆம் நாள் அமெரிக்கா ஒரு செயற்கைக்கோளை ஏவியது. பின்னாளில் லாண்ட்சாட்-1 என்று பெயர் பெற்ற அது, சுமார் 900 கி.மீ. உயரத்தில் சுற்றி, 18 நாட்களுக்கு ஒரு முறை அதே நிலத்தின்மேல் மீண்டும் வந்தது. பச்சை, சிவப்பு, மேலும் இரண்டு அகச்சிவப்பு அலைவரிசைகளில் ஒளியைப் பதிவு செய்தது.

அகச்சிவப்பு எதற்கு? இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் இலையின் உள்ளமைப்பு, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. வெற்று நிலத்தில் இந்த இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு இராது. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டால் பயிர் செழித்த இடம் புலப்பட்டுவிடும்.

பச்சையாக இருப்பதெல்லாம் கோதுமை ஆகுமா? இங்கே நாட்காட்டி உதவியது. குளிர்காலக் கோதுமை மற்றப் பயிர்களுக்கு முன்பே வசந்தத்தில் பசுமை காட்டும். அவை பசுமையாக நிற்கும்போது இது பழுத்துவிடும். ஒரே வயலைப் பல தேதிகளில் பார்த்தால் பயிரின் அடையாளம் தெரிந்துவிடும்.

இந்த அடிப்படையில் 1974இல் பெரும்பரப்புப் பயிர்க் கணக்கெடுப்புச் சோதனை தொடங்கியது. ஆங்கிலச் சுருக்கத்தில் அதன் பெயர் 'லேசி'. நாசா, அமெரிக்க வேளாண்மைத் துறை, கடல்-வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா ஆகிய மூன்றும் இதில் இணைந்தன. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோள் கதிர்மணிகளை எண்ணவில்லை. அது தந்தது சாகுபடிப் பரப்பு மட்டுமே. ஏக்கருக்கு எவ்வளவு விளையும் என்பதை, தரையிலுள்ள வானிலை நிலையங்களின் மழை, வெப்பக் கணக்குகளையும் பழைய விளைச்சல் விவரங்களையும் வைத்து மதிப்பிட்டார்கள். இரண்டையும் பெருக்கினால் மொத்த விளைச்சல்.

1977இல் சோவியத் நாட்டின் வசந்தகாலக் கோதுமை பெரிதும் குறையும் என்று அறுவடைக்கு முன்பே லேசி கண்டது. அதன் இறுதி மதிப்பீடு 9 கோடியே 14 லட்சம் டன். சோவியத் அரசு பின்னர் வெளியிட்ட கணக்கு 9 கோடியே 20 லட்சம் டன். வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை!

ஆனால் கனடாவில் இந்த முறை தடுமாறியது. கோதுமையும் தரிசும் மாறி மாறி அமைந்த குறுகிய வயல்கள் அங்கே உண்டு. கருவியின் ஒரு படப்புள்ளியோ சுமார் 80 மீட்டர் சதுரம். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். ஒரே புள்ளிக்குள் பயிரும் தரிசும் கலந்துவிட்டன. வசந்தகாலக் கோதுமையையும் பார்லியையும் பிரித்தறிவதும் கடினமாக இருந்தது.

ஒன்றரை ஏக்கருக்குள் இரண்டு மூன்று பயிர்கள் நிற்கும் நம் நாட்டில் இச்சிக்கல் இன்னும் பெரிது. 1988 மார்ச் 17இல் விண்ணேறிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளின் ஒரு கருவி, சுமார் 36 மீட்டர் அளவுக்கு நுணுகிப் பார்த்தது. 2012இல் புதுதில்லியில் மகாலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் தொடங்கப்பட்டது. லாண்ட்சாட் படங்கள் 2008 முதல் எவரும் விலையின்றிப் பெறக் கூடியவை ஆயின. உணவு விலைகள் மீண்டும் ஏறியபின், 2011இல் ஜி-20 நாடுகள் வேளாண் சந்தைச் செய்திகளைப் பகிர்ந்துகொள்ள ஓர் அமைப்பை நிறுவின.

செயற்கைக்கோளால் மழையைக் கொண்டுவர முடியாது. ஆனால் பஞ்சம் வரும் முன்பே சொல்ல முடியும். அச்செய்தி வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் ஒரே நாளில் தெரிந்தால், 1972இன் கதை திரும்ப நிகழ்வது கடினம்.