துப்பாக்கி ‘ஸ்கோப்’: பொருத்துவதில் பிழை இருந்தால் குறியும் தவறும்

சிங்கப்பூர்த் தேசிய சேவையாளர்களுக்குப் பழக்கமான எஸ்ஏஆர் 21 துப்பாக்கியில், 1.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ‘ஸ்கோப்’ தூக்கும் கைப்பிடியிலேயே அமைந்துள்ளது. வேட்டைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் அதைத் தனியாகப் பொருத்த வேண்டும்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்வது முதல் வேலை. பிறகு, ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களின் திருகுகளைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கே முடுக்க வேண்டும். ஸ்கோப் கண்ணுக்கு மிக அருகில் இருந்தால், சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைத்துப் புருவத்தைக் காயப்படுத்தும். உள்ளே தெரியும் குறுக்குக்கோடு சாயாமல் இருப்பதும் அவசியம்.

குறியைச் சரிசெய்ய, முதலில் 25 மீட்டரிலும் பின்னர் 100 மீட்டரிலும் சுடுவது வழக்கம். ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று முறை சுட்டு, துளைகளின் நடுப்பகுதியைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே குண்டை நம்பித் திருத்தினால் பிழை கூடலாம். பல ஸ்கோப்புகளில் ஒரு ‘கிளிக்’ திருப்பினால், 100 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நகரும். ஆக, 7 சென்டிமீட்டர் விலகலைத் திருத்த 10 கிளிக் தேவை.

துளைகள் சிதறிக் கிடந்தால் திருத்தத்தில் இறங்கக்கூடாது. வளையம் தளர்ந்துள்ளதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.