டிரைவர் இல்லாத கார் இடிச்சா கேஸ் யார் மேல?

எங்க ஊர் ஜேடர்பாளையம். நாமக்கல் மாவட்டத்துல காவிரிக்கரை. லாரி ஓட்டுன ஆள் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார். எங்க தெருவுல அது எங்க பெரியப்பா. போன தடவை ஊருக்குப் போனப்ப, அமெரிக்காவுல ஆளே இல்லாம ஓடுற டாக்ஸி வீடியோவை அவர்கிட்ட காட்டினேன். முழுசா பார்த்துட்டுக் கேட்டார்: "அதெல்லாஞ் சரி கண்ணு, யாரையாச்சும் அடிச்சுப்போட்டா கேஸ் யார் மேல?"

நம்ம நாட்டுல இந்தக் கேள்விக்கு வயசு அதிகம். 1939 மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 1946-ல். 1956-ல் விபத்து இழப்பீட்டுக்குத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி பிறந்தது. ஆனால் பணம் கிடைக்க டிரைவரின் தப்பை நிரூபிக்கணும். 1977-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ராத்திரி நேரம், சாட்சி இல்லை, அடிபட்டவரும் இறந்துட்டார் என்றால், அவர் மனைவி எதை வைத்து நிரூபிப்பார்? 1982-ல்தான் சட்டம் கொஞ்சம் இறங்கி வந்தது. உயிரிழப்புக்கு 15,000 ரூபாய், யார் தப்பு என்று கேட்காமலே.

இப்போ ஒரு ஜீப் கதை. 1986-ல், ஓடிட்டிருந்த ஜீப்பின் டயர் வெடித்துக் கவிழ்ந்ததில், ரோட்டில் நடந்துபோனவர் இறந்தார். டிரைவர் மேல் தப்பு இல்லை என்று தீர்ப்பாயம் முழு இழப்பீட்டை மறுத்தது. உயர் நீதிமன்றமும் கைவிரித்தது. 2001-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது, 1868-ல் முடிந்த ஒரு இங்கிலாந்து வழக்கு. ஒருத்தர் தேக்கிய தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்த வழக்கு அது. ஆபத்தான ஒன்றைத் தன் தேவைக்காக வைத்திருப்பவர், அது மீறிப்போய்ச் சேதம் செய்தால் பொறுப்பேற்கணும். காவிரியில் தடுப்பணை கட்டி ராஜவாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்புற எங்க ஊருக்கு இது சட்டுன்னு புரியும்.

சாஃப்ட்வேர் கோளாறும் ஒரு டயர் வெடிப்பு மாதிரிதான். டிரைவர் மேல் தப்பே இல்லாதபோதும் வண்டிக்காரரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பணம் தரணும் என்ற விதி நம்மிடம் இருக்கு. இன்று அந்தத் 'தப்பு கேட்காத' தொகை உயிரிழப்புக்கு 5 லட்சம்.

இல்லாதது அடுத்த படி. காரை வாங்கியவர் அந்த சாஃப்ட்வேரை எழுதலையே! பிரிட்டன் 2018-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. கார் தானே ஓடும்போது இடித்தால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் அடிபட்டவருக்குப் பணம் தரணும். பிறகு தயாரிப்பாளரிடம் அதை வசூலித்துக்கொள்ளலாம். அதே 2018-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சோதனைக் கார் சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. கிரிமினல் வழக்கு, சீட்டில் இருந்த கண்காணிப்பாளர் மேல்தான். கார் நிறுவனத்தின் மேல் இல்லை.

டிரைவர்கள் வேலை போகும் என்பதால் இந்தக் கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று 2023-ல் அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். ஒருநாள் மனசு மாறினால், சட்டம் முதலில் வரணும், கார் அப்புறம்.

பெரியப்பாகிட்ட ஜீப் வழக்கைச் சொன்னேன். "விபத்து 86-ல, தீர்ப்பு 2001-லயா? அதுவரைக்கும் அந்த வீட்ல சோத்துக்கு என்ன பண்ணியிருப்பாங்க?" என்றார்.