தீங்குக் குறைப்புக் களப்பணி: காரைக்கால் கரையோரம்

போதைப் பழக்கத்தை விட்டால்தான் உதவி என்று நிபந்தனை போடாமல், பழக்கம் நீடிக்கும் காலத்திலும் ஒருவர் உயிரோடும் நோயின்றியும் இருக்க உதவும் பொதுநலப் பணி தீங்குக் குறைப்பு எனப்படும். சுத்தமான ஊசி, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை, மூச்சு அடங்கியவரை மீட்கும் நாலக்சோன், புண்ணுக்குக் கட்டு ஆகியன இதன் முதன்மைக் கருவிகள். வீடற்றோர் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வரமாட்டார்கள் என்பதால் களப்பணியாளர் பேருந்து நிலையத்துக்கும் கோயில் வாசலுக்கும் தேடிச் செல்கிறார்.

இந்தியாவில் இது எச்.ஐ.வி. தடுப்பின் கிளையாகவே வளர்ந்தது. 1986இல் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். 1980களில் அந்நகரில் பரவிய பிரவுன் சுகர் என்ற மட்டரக ஹெராயினைப் புகைத்தவர்களில் பலர் பின்னர் புப்ரினார்ஃபின் ஊசிக்கு மாறினர். 2003ஆம் ஆண்டுக் கண்காணிப்பில், அங்கே ஊசி போடுவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தொற்று இருந்தது. 2007இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் மாற்று மருந்துச் சிகிச்சை அரசுத் திட்டமானது. ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்த அபின் வகை மருந்துக்குப் பதிலாக, மருத்துவர் கண்காணிப்பில் புப்ரினார்ஃபினை மாத்திரையாகக் கொடுக்கும் முறை அது. ஊசி வழங்குவது குற்றத்துக்கு உடந்தையாகுமோ என்ற நெடுநாள் அச்சத்தை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆம் பிரிவு நீக்கியது. ஆனால் கிருமிக்காக வகுத்த திட்டத்தில் மிகைமருந்துச் சாவுக்கு இரண்டாம் இடம்தான். குடியால் சாவதற்கு அந்த இடமும் இல்லை.

காரைக்காலில் இந்த இடைவெளி நன்றாகத் தெரியும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இவ்வட்டாரம் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவே அமைந்தது. 2011 கணக்குப்படி மக்கள்தொகை சுமார் 2 லட்சம். தமிழ்நாட்டில் 1991இல் ஒழிந்த சாராயக்கடை இங்கே ஏலத்தில் விடப்பட்டு நடக்கிறது. மதுவின் விலையும் குறைவு. சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றில் பெருகும் கூட்டமும் அன்னதானமும் கைவிடப்பட்டோரை இழுக்கின்றன; அடுத்த ஊர்களான நாகூரும் வேளாங்கண்ணியும் அப்படியே. மாநில எல்லையை இவர்கள் பொருட்படுத்துவதில்லை. மருந்துப் பதிவேடு மட்டும் எல்லையோடு நின்றுவிடுகிறது: இப்பக்கம் புதுச்சேரி எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், அப்பக்கம் தமிழ்நாட்டினுடையது.

வீடற்றோருக்கான இரவுக் காப்பகங்களும் மக்கள்தொகையைக் கணக்கிட்டே அமைகின்றன. 2010இல் உச்ச நீதிமன்றம் பெருநகரங்களுக்கு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று வகுத்தது. காரைக்கால் நகராட்சியில் ஒரு லட்சம் பேரே இல்லை.

களப்பணியாளர் முதலில் அறியவேண்டியது மிகைமருந்தின் அடையாளங்கள். அபின் வகை மருந்து அளவு மிஞ்சும்போது கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். உதடு நீலம் பாயும். மூச்சு இடைவிட்டு, குறட்டைபோல் கரகரக்கும். நடைபாதையில் ஆபத்தானது இந்தக் குறட்டைதான். ‘போதையில் தூங்குறான், எழுப்பாதே’ என்று சுற்றியிருப்பவர்கள் விட்டுவிடுவார்கள். உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றுவது, முகத்தில் குளிர்நீர் அடிப்பது போன்ற வழக்கங்களால் பயனில்லை, நேரம்தான் வீணாகும். 108ஐ அழைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, கையில் இருந்தால் நாலக்சோன் கொடுக்கவேண்டும். அது சில நிமிடங்களில் வேலைசெய்யும். அதன் விளைவு 30 முதல் 90 நிமிடங்களில் தேய்ந்துவிடுவதால், எழுந்து உட்கார்ந்தவரையும் தனியே விடக்கூடாது. சிறையிலிருந்தோ மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ வெளிவந்த முதல் இரு வாரங்களில் அபாயம் உச்சத்தில் இருக்கும்: உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்திருக்கும், கை பழைய அளவையே எடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2014 முதல், உடனிருக்கக்கூடிய எவரிடமும் நாலக்சோன் இருக்கவேண்டும் என்கிறது. இந்தியாவில் அது பெரும்பாலும் மருத்துவமனை ஊசி மருந்தாகவே இருக்கிறது.

தமிழகத்தில் அண்மை ஆண்டுகளில் பரவிய டாபென்டடால் என்ற அபின் வகை வலி நிவாரணி இந்த அறிவைக் காவிரி டெல்டாவுக்கும் அவசியமாக்கியுள்ளது. மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். கூடவே தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு விரைவில் அடங்கும். மதுவையும் தூக்க மாத்திரையையும் நாலக்சோன் முறிக்காது.

குடியில் ஆபத்து இருபுறமும் உண்டு. நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பும், அதையடுத்து மனக்குழப்பமும் வரலாம். 2020 ஊரடங்கில் மதுக்கடைகள் மூடியபோது புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் சவரத் திரவத்தைக் குடித்து மீனவர்கள் இறந்தனர். அதே வாரங்களில் கேரள அரசு மருத்துவர் சீட்டின்பேரில் மது வழங்க ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நோக்கத்தில் அந்த ஆணை தீங்குக் குறைப்பே, ஆனால் சீட்டு எழுத மருத்துவர்களே மறுத்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கு மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனால் வேறு வகை ஆபத்து. பார்வை மங்குவது அதன் முன்னறிகுறி. முறிமருந்தான ஃபோமெபிசோலும் டயாலிசிஸும் சில மணி நேரத்துக்குள் கிடைத்தாகவேண்டும்.

களத்தில் பணி எளிய பொருள்களோடு தொடங்குகிறது: தண்ணீர், சாப்பாடு, தயமின் (வைட்டமின் பி1) மாத்திரை, கால்புண்ணுக்கு மருந்து. முன்பு தாமே ஊசி போட்டவர்கள் சகபணியாளராக வந்தால் பேச்சு சீக்கிரம் தொடங்கும். 2020இல் பல நாள் புப்ரினார்ஃபினை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதி கிடைத்தது. வீடற்றவருக்கு அதை வைத்துக்கொள்ள இடம் இல்லை, திருடுபோகும் பயமும் உண்டு.