எண்ணூர் ஆஸ்டின்: பழைய கார்கள் படப்பிடிப்புக்கு இரவல் போன வரலாறு

2010 ஜூலையில் வெளிவந்த ‘மதராசபட்டினம்’ படத்துக்காகக் கலை இயக்குநர் வி. செல்வகுமார் சென்ட்ரல் ரயில் நிலையத்தையே செட்டாக எழுப்பினார். கதை நடப்பது 1940களில். ஆகவே டிராமும் வேண்டும். சென்னையில் டிராம் 1953 ஏப்ரலோடு நின்றுபோனது. கேட்டால் கொடுக்க யாரிடமும் டிராம் இல்லை, செய்துதான் ஆக வேண்டும். கார் அப்படியல்ல. அந்தக் காலத்துக் கார் இன்றும் யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. புது பேட்டரி வைத்து கார்பரேட்டரைச் சுத்தம் செய்தால் ஓடவும் செய்யும். கேட்டு வாங்கி வந்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். பீரியட் படங்களில் தெருவும் வீடும் பெரும்பாலும் ஒட்டுப் பலகையும் பூச்சும்தான். கார் மட்டும் உண்மையிலேயே அந்தக் காலத்தில் ஓடியது.

இந்த இரவல் பழக்கம் எப்படித் தோன்றியது, எப்போது வாடகையாக மாறியது, சட்டம் அதை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதை வடசென்னையிலிருந்து தொடங்குகிறேன். திரையில் ஓடும் பழைய கார்களில் ஒரு பகுதி முதன்முதலில் மண்ணைத் தொட்டது இங்கேதான்.

சென்னையின் முதல் பதிவு எண்ணான எம்.சி.1, துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு உரியது. கணித மேதை இராமானுஜன் 1912இல் எழுத்தராகச் சேர்ந்ததும் இவரது அலுவலகத்தில்தான். துறைமுகத் தலைவரிடம் முதல் எண் இருந்ததில் வியப்பில்லை. கார் என்பது அன்று கப்பலில் வந்து இறங்கும் சரக்கு. அந்தச் சரக்கை விற்றவர்களில் ஒருவர்தான் தமிழில் முதல் கதைப்படத்தையும் எடுத்தார். ‘கீசக வதம்’ எடுத்த ஆர். நடராஜ முதலியார் முதலில் மிதிவண்டி வியாபாரி. பிறகு அமெரிக்கக் கார்களையும் உதிரி பாகங்களையும் தருவித்த ரோமர் டேன் நிறுவனத்தை வாங்கி நடத்தியவர். புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் அவர் படம் எடுத்த ஆண்டு 1916, 1917, 1918 என ஆய்வாளர்களிடையே வேறுபடுகிறது. ஆனால் அவர் கார் வணிகத்திலிருந்து வந்தார் என்பதில் வேறுபாடு இல்லை. தமிழ்ச் சினிமாவின் முதல் முதலீடே மோட்டார் வியாபாரத்தில் ஈட்டிய பணம் என்பதை நம் திரை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது கூடுதல் கவனத்துக்கு உரியது என்பது என் கருத்து.

பாகங்களாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பி, இங்கே பூட்டி விற்கும் முறை அடுத்து வந்தது. ஃபோர்டு 1930இல் சென்னையில் இதைத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் ரகுநந்தன் சரண், ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக 1948 செப்டம்பர் 7 அன்று அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். தொழிற்சாலைக்கு எண்ணூரைத் தேர்ந்தெடுத்தார். துறைமுகத்திலிருந்து வடக்கே கடலோரமாகவே போகலாம், ரயில் பாதை உண்டு, நிலமும் உண்டு. 1949இல் அங்கிருந்து ஆஸ்டின் ஏ40 கார்கள் வெளிவரத் தொடங்கின. 1200 சிசி எஞ்சின், நாற்பது குதிரைத் திறன், உருண்டை முதுகு. திரும்பும்போது விளக்கு மின்னாது. கதவுத் தூணிலிருந்து சிறு கைகாட்டி வெளியே நீளும். அந்தக் கைகாட்டி ஒன்று போதும், பார்ப்பவருக்குக் காலம் புரிந்துவிடும். கலை இயக்குநர்கள் இவ்வகைக் கார்களைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்ணூரில் கார் வேலை சில ஆண்டுகளே நீடித்தது. லேலண்டுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் 1951இல் காமெட் லாரிகள் வந்தன. 1955இல் நிறுவனத்தின் பெயரே அசோக் லேலண்டு ஆனது. நகரின் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் வேன்கார்டையும், 1961 முதல் ஹெரால்டையும் தந்தது. எண்ணூர் சாலையில் சற்றுத் தெற்கே, திருவொற்றியூரில், 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா ஆலை புல்லட்டைத் தந்தது. பீரியட் படத்தில் காவல் ஆய்வாளர் வந்திறங்கும் மோட்டார் சைக்கிளின் பிறந்த வீடு அது.

1953இல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது: உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே பூட்டி விற்கக் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இந்தியச் சாலையில் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என மூன்று பெயர்களே ஆண்டன. புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கையிலிருந்த பழைய காரை யாரும் எளிதில் காயலான் கடைக்கு அனுப்பவில்லை. பிஸ்டனுக்கு வேறு வண்டியின் பிஸ்டனைக் கடைந்து போட்டார்கள். புதுப்பேட்டையின் பழைய உதிரி பாகக் கடைகளில் துழாவிக் கிடைத்ததைப் பொருத்தினார்கள். தகரம் இற்றால் டிங்கரிங், மேலே பட்டி, மேலே பெயிண்ட். பற்றாக்குறைதான் இந்தக் கார்களைக் காப்பாற்றியது. பழமை மீதான காதல் பின்னால் வந்தது. மெக்கானிக்குகளின் இந்தப் பொறுமைக்கு நம் திரையுலகம் பட்டிருக்கும் கடன் எந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் எழுதப்படவில்லை.

1950களிலும் 60களிலும் எடுத்த சமூகப் படங்களில் ஓடுவது அன்றைய கார்தான். அதைத் தேட வேண்டியதில்லை. கார் வைத்திருப்பவர்களின் வட்டமே சிறிது. படம் எடுப்பவர்களும் அதே வட்டத்தில் பழகியவர்கள். கேட்பது ஒரு மரியாதை, கொடுப்பது ஒரு மரியாதை. பழைய கார் பழைய காராகவே திரைக்கு வரும் வழக்கம் வேறிடங்களில் முளைவிட்டது அந்தக் காலத்தில்தான். 1953இல் வந்த ‘ஜெனிவீவ்’ என்ற ஆங்கிலப் படத்தில் 1904ஆம் ஆண்டின் டராக் ஒன்றும் ஸ்பைக்கர் ஒன்றும் ஓடின. இரண்டும் தனியார் கார்கள். லண்டன்–பிரைட்டன் பழங்கார் ஓட்டத்துக்குப் பெருங்கூட்டம் சேர அந்தப் படம் காரணமாயிற்று. 1958இல் ரித்விக் கட்டக் ‘அஜாந்திரிக்’கில் ஒரு ஓட்டை ஷெவர்லேயைக் கதாபாத்திரமாகவே ஆக்கினார். தமிழில் அதற்கு இணையான அன்பு ஒரு காருக்குக் கிடைக்க 2014இன் ‘பண்ணையாரும் பத்மினியும்’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழில் திருப்பம் ‘நாயகன்’ (1987), ‘இருவர்’ (1997), ‘ஹே ராம்’ (2000) போன்ற படங்களோடு நேர்ந்தது. கதை பல பத்தாண்டுகளைக் கடக்கும்போது ஒவ்வொரு காட்சிக்கும் வேறு கார் வேண்டும். ஒரு நண்பரிடம் கேட்டு முடிகிற வேலை அல்ல அது. பட்டியல் வேண்டும், யாரிடம் எது இருக்கிறது என்று தெரிந்த ஆள் வேண்டும், தொகை பேச வேண்டும். மரியாதை வாடகையாக மாறிய இடம் இதுதான். ஸ்டுடியோக் குடும்பங்களிலிருந்தே சேகரிப்பாளர்கள் தோன்றியதும் இதன் தொடர்ச்சி. ஏவி.எம். ஸ்டுடியோ வளாகத்தில் எம்.எஸ். குகன் சேகரித்த பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அருங்காட்சியகமாகி, 2023 மே மாதம் திறக்கப்பட்டன.

இரவல் காரின் அன்றாடம் வெளியே தெரியாதது. ஆளனுப்பிப் படம் எடுப்பார்கள். நிறம் சரியில்லை என்றால் மாற்றலாமா என்று கேட்பார்கள். நல்ல உரிமையாளர் மறுத்துவிடுவார். அட்வான்ஸ் கைமாறும். நீண்ட தூரம் என்றால் கார் ஓடிப் போகாது, ரெக்கவரி வண்டியிலோ லாரியிலோ ஏறிப் போகும். கூடவே உரிமையாளரின் ஓட்டுநரோ மெக்கானிக்கோ போவார், அவருக்கு பேட்டா தனி. கிளட்சை எங்கே விட வேண்டும், சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது அந்த ஒருவருக்குத்தான் தெரியும். எட்டு டேக் எடுத்தால் எட்டு முறை ஸ்டார்ட் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கும். விளக்குக் கம்பத்தைப் பானெட்டில் சாய்த்துவிட்டுப் போவார் ஒருவர். ஸ்க்ரீனில் பத்து நொடி, அதற்குக் காரின் ஒரு நாள். கீறல் விழுந்தால் கண்ணாடிக்கும் குரோம் பட்டைக்கும் மாற்று எங்கே கிடைக்கும்? தொகையைக் காட்டிலும் உரிமையாளரின் தயக்கம் இங்கேதான் இருக்கிறது.

எண் பலகையும் மாறும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வருமுன் இங்கே எம்.எஸ்., எம்.டி., டி.எம். என்று தொடங்கும் வரிசைகள் இருந்தன. எம்.ஜி.ஆர். நினைவில்லத்தில் நிற்கும் அம்பாசடரின் டி.எம்.எக்ஸ். 4777 பலருக்கும் நினைவிருக்கும். 1950இல் நடக்கும் கதையில் டி.எம். எண் வந்தால் தெரிந்தவர் கண் உறுத்தும். செட்டுக்குள் போலிப் பலகை நடிப்பின் பகுதி. அதே பலகையோடு பொதுச் சாலையில் இறங்கினால் குற்றம்.

இனிச் சட்டம். பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலை 22 அன்று வெளிவந்தது: 1970களின் வடசென்னை, நெருக்கடி நிலைக் காலம். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஜூலை 15 அன்று, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழங்கால வாகனங்களுக்கான தனி விதிகளை அறிவித்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள், மூல வடிவம் குலையாதிருந்தால் ‘விண்டேஜ்’ எனப் பதிவாகலாம். மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ‘சார்பட்டா’ காட்டும் ஆண்டுகளில் பதிவான ஃபியட் கார்கள் இந்த 50 ஆண்டுக் கோட்டை இப்போதுதான் தொடுகின்றன.

வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் அது ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ இந்த வண்டிகளைச் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழங்கார் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. படப்பிடிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. வாடகை வாங்கினால் வணிகம்தானே என்று அதிகாரி கேட்கலாம். காரில் ஏறும் நடிகர் கட்டணம் கொடுக்கும் பயணி அல்லவே, இது டாக்சி ஓட்டுவது ஆகாதே என்று உரிமையாளர் வாதாடலாம். வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். ஆனால் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிலைநாட்டும் வாதம் அல்ல அது.

காப்பீடு இதைவிடச் சிக்கல். தனியார் கார் பாலிசி, வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்துவதை வெளிப்படையாக விலக்குகிறது. 2002இன் இந்திய மோட்டார் கட்டண விதிகளில் பழங்காருக்குச் சலுகை உண்டு: முன்பே ஒப்புக்கொண்ட மதிப்பில் காப்பீடு, சேதக் காப்புக் கட்டணத்தில் 25 சதவீதத் தள்ளுபடி. ஆனால் அங்கே பழங்கார் என்பது 1940 டிசம்பர் 31க்கு முன் செய்யப்பட்டது. ஆக, 1949இல் எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின் பதிவுச் சட்டத்தின்படி விண்டேஜ். காப்பீட்டு வரையறையின்படி வெறும் பழைய கார். எண்ணூரில் பூட்டிய கார்கள் அத்தனையும் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. திரைப்படத் தயாரிப்பாளர் தன் தயாரிப்புக் காப்பீட்டில் இரவல் காரைப் பெயர் சொல்லிச் சேர்ப்பது ஒரு வழி. எழுத்து ஒப்பந்தமே இல்லாமல், போனில் பேசி முடிக்கும் இடத்தில் அதை யார் கேட்பது?

இதே கேள்வி இப்போது புகைப்படக்காரர்களிடமும் வந்திருக்கிறது. திருமணத்துக்கு முன் மணமக்களைப் பழைய கார் அருகே நிறுத்திப் படமெடுப்பது பரவலாகிவிட்டது. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைவிடப் பொருத்தமான பின்னணி இந்தக் காருக்கு வேறில்லை. ஆனால் அங்கே படமெடுக்க ரயில்வேயின் அனுமதி வேண்டும்; துறைமுக எல்லைக்குள் என்றால் பாதுகாப்புக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். கடற்காற்று வேறு. ஒரு வாரம் மூடாமல் நிறுத்தினால் குரோமில் புள்ளி விழும், கதவின் அடியில் துரு ஏறும். எண்ணூரில் பிறந்த காரை எண்ணூரில் வைத்துக் காப்பது கடினம்.

பதிவு விதிப் பட்டியலில் “முன் அனுமதி பெற்ற படப்பிடிப்பு” என்ற சொற்களையும், காப்பீட்டு வரையறையில் 1940க்குப் பதில் 50 ஆண்டு என்ற அளவையும் சேர்த்தால் உரிமையாளரின் அச்சத்தில் பெரும்பகுதி தீரும். அதுவரை, எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு காட்சி எடுக்க வேண்டுமென்றால் எண்ணூர் ஆஸ்டின் தன் சக்கரத்தில் அங்கே போவது சந்தேகம்தான். லாரியில் ஏற்றித்தான் கொண்டு போவார்கள். அந்த லாரி அசோக் லேலண்டாக இருந்தால், இரண்டும் ஒரே ஆலை வாசலில் வெளிவந்தவையாகவும் இருக்கலாம்.