அடுகலமும் அதன் பேணுகையும்

தமிழகத்து மட்கலங்களைப் பற்றி அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். எனினும் அவ்வாராய்ச்சிகளுட் பெரும்பாலன ஓட்டின்மேற் கீறப்பட்ட எழுத்தையோ, இறந்தோரை இட்டுப் புதைத்த தாழியையோ பற்றியனவாகவே அமைந்தன. நாள்தோறும் அடுப்பேறிய எளிய கலத்தை நம் முன்னோர் எவ்வாறு பேணினர் என்னும் வினா எழுவது அரிது. அதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இலக்கியத்தில் குயவனுக்கு இடம் உண்டு. புறநானூற்று 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், இறந்துபட்ட கிள்ளிவளவனைக் கவிக்குமளவு பெரிய தாழியை வனைய இயலுமோ எனக் குயவனையே விளித்து வினவுகின்றார். அரசும் அவனை மறந்திலது. பல்லவர் செப்பேடுகள் குசக்காணம் என்னும் வரியைக் குறிக்கின்றன. அவன் தந்த பானையை அடுதற்கு உரியதாக்கிய மனையோளின் தொழிலுக்கோ பாட்டும் இல்லை, வரியும் இல்லை. வரியின்மை நன்றே, ஆயின் வரலாற்றாசிரியனுக்கு அதனால் ஒரு சான்று குறைந்தது.

அத்தொழில் இன்றும் சிற்றூர்களில் வழங்கும் ‘பழக்குதல்’ என்பதாம். புதுச்சட்டியை நீரில் ஊறவிடுவர். பின் அரிசி கழுவிய நீரையோ வடித்த கஞ்சியையோ அதில் நிறைத்து, மெல்லிய தீயில் காய்ச்சி ஆறவிடுவர். இதனைச் சிலமுறை செய்வதும், உள்ளே எண்ணெய் பூசிச் சூடாக்குவதும் உண்டு. பின்னர்க் கழுவுங்கால் சாம்பலும் தேங்காய் நாருமே கருவிகள். சவர்க்காரம் ஆகாது, மண் அதனை உறிஞ்சி, அடுத்த குழம்பில் உமிழும். கழுவிய கலத்தை ஈரம் போக வெயிலில் உலர்த்தாவிடின் பூஞ்சணம் பற்றும்.

இவ்வழக்கத்தின் காரணத்தைக் கலத்தின் மண்ணே உணர்த்தும். கறுப்புச் சிவப்புக் கலங்களுட் பல மெருகேற்றப்பட்ட கிண்ணங்களும் வட்டில்களுமாம். மெருகால் அவற்றின் மேற்புறத் துளைகள் அடைபட்டன. உலைப்பானையோ மணல் கலந்த பருமண்ணால் ஆயது. மணல் கலவாவிடின் தீயின் வெப்பத்தில் அது வெடிக்கும். கலந்தால் நீர் கசியும். இவ்விடர்ப்பாட்டைச் சூளையில் தீர்த்தல் எளிதன்று. கஞ்சியின் மாவுப்பசை துளைகளிற் புகுந்து, சூட்டில் இறுகி அவற்றை அடைக்கின்றது. ஆகவே அடுகலத்தின் ஆக்கம் குயவன் கையில் பாதியே முடிந்தது. எஞ்சியதை அடுக்களையே முடித்தது என்று கொள்ளுதல் பொருந்தும். கல வகைகளைக் குயவன் தொழில் ஒன்றையே கொண்டு பகுப்போர் இதனை எண்ணுதல் வேண்டும்.

‘பழங்காலத்தும் இவ்வாறே செய்தனர் என்பதற்குச் சான்று யாது?’ என வினவலாம். இன்றைய வழக்கத்தை ஈராயிரம் ஆண்டுகட்கு முன் ஏற்றிக் கூறுதல் நெறியன்று என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆனால் சான்று தேடும் வழி உண்டு. கலத்தின் துளைகளில் ஊறிய கொழுப்பு நெடுங்காலம் நிற்பது. சிந்துவெளி நாகரிகத்தைச் சார்ந்த வடமேற்கு இந்திய ஊர்களின் ஓடுகளில் இத்தகைய எச்சங்களை ஆராய்ந்த முடிவுகள் 2020ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தன. விலங்குக் கொழுப்பு மிகுதியாக இருந்தமை அவற்றால் தெரியவந்தது. ஊறிய கொழுப்பு கழுவினும் பெரும்பாலும் தங்கும். ஆயின் உட்புறத்தில் ஒட்டிய கருகற்பற்றும், அதனுட் சிக்கிய மாவுத்துகளும், அடியிற் படிந்த கரியும் அவ்வாறு தங்குவன அல்ல. பழக்குதலின் தடம் இருக்குமாயின் அது பெரிதும் இப்பற்றிலேயே இருத்தல் கூடும்.

இங்கேதான் ஓர் இழப்பு நேர்கின்றது. அகழ்ந்தெடுத்த ஓடுகளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, எண்ணிடுதல் நெடுநாள் வழக்கம். 1945இல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்த காலத்தில் எச்ச ஆய்வு வளர்ந்திலது. ஆதலின் அக்காலத்தாரைக் குறைகூறல் தகாது. 2015இல் கீழடி அகழாய்வு தொடங்கிய காலத்திலோ அம்முறை நன்கு அறியப்பட்டிருந்தது. எழுத்துடைய ஓட்டைக் காணும் ஆர்வத்தில் எழுத்தில்லா ஓட்டைத் தேய்த்துக் கழுவுவோமாயின், ஒரு சான்றைப் பெறுதற்கு மற்றொன்றை அழித்தவராவோம். ஒவ்வொரு மண்ணடுக்கிலும் அடிக்கரி படிந்த பருமட்கல ஓடுகள் சிலவற்றையேனும் கைபடாது, கழுவாது, சுற்றியுள்ள மண்ணின் சிறு பகுதியோடு எடுத்து வைத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. மண்ணையும் உடன் எடுப்பது, ஓட்டிற் காணும் மாவு கலத்திற்கு உரியதோ நிலத்திலிருந்து புகுந்ததோ என ஒப்பிட்டு அறிதற்பொருட்டு.