வெட்டு விழுந்தால்தான் உள்ளே

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பொன்னேரி வந்த பேரன் இருபது முகப் பகடையை உருட்டி ஒரு ஆட்டம் ஆடினான். பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஆளாளுக்கு ஒரு கதாபாத்திரம்: வீரன், மந்திரவாதி, குள்ளன். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். "இந்த வித்தையை என் ஆளு இப்பக் கத்துக்க முடியாது தாத்தா, அதுக்குத் தகுதி வேணும்" என்றான். தகுதி என்று காதில் விழுந்தால் வாத்தியார் சும்மா இருப்பாரா? அந்த விதிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ஆட்டம் இது. முதல் விதிப்படி குள்ளர் இனத்தவர் போர்வீரராக மட்டுமே ஆகலாம். அதிலும் ஆறாம் நிலைக்கு மேல் ஏற முடியாது. மனிதருக்கு அந்த வரம்பு இல்லை. குள்ளருக்கு வேறு சலுகைகள் இருப்பதால் இது சமன் செய்யும் ஏற்பாடாம். 1975-இல் பாலடின் என்ற அறநெறி வீரன் வந்தான். அவனாக ஆட, ஆளைக் கவரும் குணம் 17 புள்ளியாவது வேண்டும். மூன்று பகடை உருட்டினால் 216 விதமாக விழும். அவற்றில் 17 விழ 3 வழி, 18 விழ 1 வழி. ஆக 54-இல் ஒரு வாய்ப்பு. (எட்டாம் வகுப்புக்கு நல்ல கணக்கு!)

1978 விதிநூலில் பெண் பாத்திரங்களின் உடல் வலிமைக்குத் தனி உச்சவரம்பு. அதே நூலில் குள்ளர் திருடராக மட்டும் எவ்வளவு உயரமும் போகலாம். இதைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

பெண்களுக்கான வரம்பு 1989-இல் நீங்கியது. இன வரம்புகள் 2000-இல் போயின. அந்தப் பதிப்பில் வேறுவகைத் தகுதி வந்தது. 'க்ளீவ்' என்றொரு வித்தை: ஒரு எதிரியை வீழ்த்தினால் உடனே இன்னொருவனை வெட்டலாம். அதற்கு வலிமை 13 வேண்டும், முன்னதாக வேறொரு வித்தையும் கற்றிருக்க வேண்டும்.

எனக்கு நம் தாயக்கட்டம் நினைவுக்கு வந்தது. திண்ணையில் செங்கல் துண்டால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையை ஒருபக்கம் தேய்த்து ஆடினோமே! தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். வெட்டினால் இன்னொரு முறை உருட்டலாம். ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போய்ப் பழமாக முடியும். விதி கடுமைதான். ஆனால் எந்தக் காயும் வெட்டலாம். நீ இந்த நிறக் காய், உனக்கு உள்ளே இடமில்லை என்று யாரும் சொன்னதில்லை.

இதை எழுதக் காரணம் வேறு. நம் ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலம். காஞ்சிபுரத்தில் அறிவியல் கண்காட்சி. வீடு திரும்ப இரவாகிவிடும் என்று பையன்களை மட்டும் பட்டியலில் எழுதினேன். நீராவி விசையாழி மாதிரியைச் செய்ததே ஒரு மாணவிதான். மாலை மணி அடித்த பிறகு வந்து நின்றாள். "சார், நான் என்ன செஞ்சா என்னைச் சேத்துக்குவீங்க?"

மதிப்பெண் போதாது என்றால் படித்திருப்பாள். மாதிரி சரியில்லை என்றால் திருத்தியிருப்பாள். அவள் செய்யக்கூடியது எதுவும் என் விதியில் இல்லை. "வீட்டுக்குப் போம்மா, நேரமாச்சு" என்றேன். அந்த மாதிரி பரிசு பெற்றது. சான்றிதழில் இரண்டு பையன்களின் பெயர்.

அவளோடு ஓர் ஆசிரியையையும் அனுப்பியிருக்கலாம். அது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மாணவி இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தான். என் பிறந்தநாளுக்குத் தவறாமல் வாழ்த்துச் சொல்பவர். அம்மா, நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. மன்னித்துக்கொள்.