ஆற்றுதல்

ஆற்றுதல் (வினைச்சொல்): 1. தணித்தல், சூட்டைக் குறைத்தல்: பால் ஆற்றுதல். 2. துயர் தீர்த்தல், தேற்றுதல். 3. செய்தல், நிறைவேற்றுதல்: பணியாற்றுதல், கடனாற்றுதல்.

தன்னால் தணிவது ஆறுதல். தணியச் செய்வது ஆற்றுதல். புண் ஆறும், புண்ணை ஆற்றுவார்கள். செய்தல் என்னும் பொருளோடு ஒட்டியது ஆற்றல். ஆற்றாமை என்றால் இயலாமை, தாங்க முடியாத துயரமும்கூட. துயர் தணிப்பதும் செயல் புரிவதும் தமிழில் ஒரே சொல். கலித்தொகையின் 133ஆம் பாடல் நலிந்தவர்க்கு உதவுவதையே ஆற்றுதல் என்கிறது.

மலேசியாவில் சுங்கை சோ முதல் கோலசிலாங்கூர் வரையுள்ள ரப்பர்த் தோட்ட மக்களுக்கு இச்சொல்லின் முழுப் பொருளும் புரியும். மலாயா விடுதலை பெற்ற காலத்தையொட்டி, வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்றாலே வேலையும் வீடும் ஒருசேரப் போவதுதான். அந்த ஆற்றாமை வெறும் அழுகையோடு நிற்கவில்லை. மலாயா இந்தியர்களின் தலைவரான துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்க, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்மரம் வெட்டியவர்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது.

துயரப்படுபவரிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்வது ஆற்றுதலின் தொடக்கம். அவர் துயரின் காரணத்தை நீக்கக் கைகொடுப்பதே அதன் நிறைவு.